முகம் மங்குகிறது, பின்னால் இருக்கும் விளக்கு தெளிகிறது: அப்பாவின் ஸ்டூடியோ கேமராவில் கோளாறு எங்கே?

கேள்வி: நாகப்பட்டினத்தில் என் அப்பா பல ஆண்டுகள் போட்டோ ஸ்டூடியோ நடத்தினார். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் கொண்ட அவருடைய பழைய கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. மேல் லென்ஸின் மேலே இருந்த பெயர்த்தகடு விழுந்துவிட்டதால் எந்த மாடல் என்று தெரியவில்லை. லென்ஸ் வளையத்தில் யாஷிக்கார், 80 மி.மீ., 3.5 என்றும், ஷட்டரில் கோப்பல் எம்.எக்ஸ்.வி. என்றும் பொறித்திருக்கிறது. வலப்பக்கம் ஒரு திருகுகுமிழ், அதன் நடுவில் ஒரு பித்தான். இரண்டு லென்ஸுக்கும் இடையில் இருபுறமும் இரண்டு சிறு சக்கரங்கள். குனிந்து பார்க்கும் கண்ணாடித் திரையில் தூசி படிந்திருந்ததால், நானே கழற்றித் துடைத்து மாட்டினேன். பிறகு ஒரு ரோல் எடுத்தேன். வீட்டுக்குள் லென்ஸ் துளையை முழுவதும் திறந்து எஃப் 3.5-இல் எடுத்த படங்களில் அம்மாவின் முகம் மங்கி, அரை மீட்டர் பின்னால் இருந்த குத்துவிளக்கு தெளிவாக விழுந்திருக்கிறது. வெயிலில் துளையைச் சிறிதாக்கி எஃப் 16-இல் எடுத்தவை பரவாயில்லை. சிலவற்றில் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் விழுந்திருக்கிறது. நடுவே ஒரு கட்டம் வெறுமையாக இருக்கிறது. இரண்டு படங்களில் ஓரமாக வெள்ளைக் கோடு. ஒரு நொடி, அரை நொடி வேகங்களில் ஷட்டர் திறந்தபடி நின்றுவிடுகிறது. அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் பி-யில் வைத்தால், விரலை எடுத்ததும் ஒழுங்காக மூடிக்கொள்கிறது. கீழ் லென்ஸின் உள்ளே ஓரத்தில் நூல் போன்ற பூஞ்சை தெரிகிறது. கடையில் காட்டியபோது லென்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் ஷட்டர் சரியாகிவிடும் என்கிறார் சித்தப்பா. என்ன செய்யலாம்? இதற்குச் செலவு செய்வது தகுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இரண்டு வேண்டுகோள்கள். சித்தப்பா சொன்ன எண்ணெயை ஒரு சொட்டுகூட விடாதீர்கள். லென்ஸை மாற்றவும் சம்மதிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் இந்தக் கேமராவில் ஒரு பெரிய கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சிறு கோளாறுகள் ஒரே ரோலில் சேர்ந்து விழுந்திருப்பதால்தான் எல்லாமே கெட்டுப்போனது போலத் தோன்றுகிறது. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், மெக்கானிக்கின் கை படவேண்டியவை ஷட்டரின் மெதுவான வேகங்களும் பூஞ்சையும் மட்டுமே என்பதும், இரண்டையும் ஒரே முறை பிரிப்பதில் முடித்துவிடலாம் என்பதும் தெரியவரும். மற்றவற்றை வீட்டிலேயே சோதித்துச் சரிசெய்ய உங்களால் முடியும்.

மாடலைப் பற்றி: ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் 1949-இல் சிறு நிறுவனமாகத் தொடங்கி, 1953-இல் தன் முதல் இரட்டை லென்ஸ் கேமராவை வெளியிட்ட நிறுவனம்தான் பிற்காலத்தில் யாஷிகா ஆனது. 1929-இல் ஜெர்மனியில் வந்த ரோலிஃப்ளெக்ஸின் அமைப்பைப் பின்பற்றி, அதைவிடக் குறைந்த விலையில் பல மாடல்களை அடுத்தடுத்து விட்டார்கள். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒரே குடும்பச் சாயல் என்பதால், பெயர்த்தகடு இல்லாதபோது உறுப்புகளை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். பிலிமை நகர்த்த மடக்குக் கைப்பிடி இருந்தால் அது யாஷிகா-மேட் வரிசை. உங்களுடையதில் குமிழ் இருக்கிறது; ஆகவே அந்த வரிசை இல்லை. எல்லாவற்றிலும் எளிய மாடலான யாஷிகா-ஏ-யில் பிலிம் எண்ணைப் பார்க்கப் பின்கதவில் சிவப்புச் சன்னல் இருக்கும்; லென்ஸுகளுக்கு இடையில் சக்கரங்கள் இருக்காது. குமிழ், அதன் நடுப் பித்தான், இரண்டு சக்கரங்கள், எம்.எக்ஸ்.வி. ஷட்டர் ஆகிய நான்கும் சேர்ந்து வருவது யாஷிகா-டி மாடலிலும், 35 மி.மீ. பிலிமையும் போட வசதி செய்யப்பட்ட யாஷிகா 635 மாடலிலும்தான். 635-இல் அந்த 35 மி.மீ. பிலிமுக்கென்று கூடுதலாக ஒரு குமிழ் இருக்கும். நீங்கள் ஒரே குமிழைத்தான் குறிப்பிடுகிறீர்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது யாஷிகா-டி. மேலிருந்து குனிந்து பார்த்தால், மேல் லென்ஸின் உச்சியில் உள்ள சிறு சன்னலில் வேகமும் துளை அளவும் தெரியும். தெரிந்தால் ஐயமே வேண்டாம்.

1958-இல் வந்த இந்த மாடல் 1970களின் தொடக்கம் வரை விற்பனையில் இருந்தது. அதன் பிந்தைய கேமராக்களில் நான்கு கண்ணாடிகளைக் கொண்ட யாஷினான் லென்ஸ் வந்தது. முந்தையவற்றில் மூன்று கண்ணாடிகளைக் கொண்ட யாஷிக்கார். உங்களுடையது முந்தைய வகை. எஃப் 3.5-இல் அதன் ஓரங்கள் சற்று மென்மையாகவே விழும். எஃப் 8-க்கு மேல் ஓரம் வரை தெளிவு கிடைக்கும். இந்த மென்மை அந்த லென்ஸின் இயல்பு. ஆனால் நீங்கள் சொல்லும் மங்கல் அதனால் வந்ததன்று. லென்ஸ் காரணமாக இருந்தால் படம் முழுவதுமே சோர்ந்து விழுந்திருக்க வேண்டும். குத்துவிளக்கு கூர்மையாக விழுந்திருக்கிறது என்றால் லென்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. போகஸ் மட்டும் தவறான தூரத்தில் நின்றிருக்கிறது. லென்ஸை மாற்றச் சொன்னவர் அந்த நெகட்டிவைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

இனி காரணத்துக்கு வருவோம். இந்தக் கேமராவில் நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக. படம் விழுவது கீழ் லென்ஸ் வழியாக. இரண்டும் ஒரே பலகையில் பொருத்தப்பட்டு, போகஸ் குமிழைத் திருப்பும்போது ஒன்றாக முன்னும் பின்னும் நகர்கின்றன. மேல் லென்ஸின் ஒளி, சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, திரையின் சொரசொரப்பான பக்கத்தில் உருவமாக விழுகிறது. மேல் லென்ஸிலிருந்து அந்தச் சொரசொரப்பான பரப்புக்கு உள்ள ஒளிப்பாதையும், கீழ் லென்ஸிலிருந்து பிலிமுக்கு உள்ள தூரமும் மிகத் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். இல்லையேல் திரையில் கூர்மையாகத் தெரிவது பிலிமில் கூர்மையாக விழாது. சொரசொரப்பான பக்கம் கீழ்நோக்கி, அதாவது கண்ணாடியை நோக்கி இருக்க வேண்டும். திரையைத் துடைத்து மாட்டியபோது அது தலைகீழாக மாறியிருக்கிறது என்பதே என் கணிப்பு. பளபளப்பான பக்கம் மேலே இருந்தால் வெளிச்சத்தில் கண் கூசுவதால், அதைக் கீழே வைப்பதுதான் சரியென்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு சிறிய மாற்றம் அவ்வளவு பெரிய பிழையைத் தருமா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரைக்கண்ணாடி 1.5 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், அது தலைகீழாகும்போது ஒளி அந்தக் கண்ணாடியின் ஊடே சென்று மேற்பரப்பில் உருவம் காட்ட வேண்டியிருக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி வளைவதைக் கழித்தால் ஏறத்தாழ 1 மி.மீ. பிசகு மிஞ்சும். திரை அந்த அளவுக்குத் தள்ளிப்போனதால், அதில் தெளிவு கிடைப்பதற்காக நீங்கள் லென்ஸ் பலகையை 1 மி.மீ. பின்னே இழுக்கிறீர்கள். கீழ் லென்ஸும் கூடவே பின்னே போகிறது. 80 மி.மீ. லென்ஸில் இதன் விளைவு என்னவென்றால், 1.6 மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தைத் திரையில் தெளிவாக்கும்போது, பிலிமில் தெளிவு விழுவது ஏறத்தாழ 2.1 மீட்டர் தூரத்தில். முகத்துக்கு அரை மீட்டர் பின்னால் இருந்த குத்துவிளக்கு தெளிந்ததும், எஃப் 16-இல் துளை சிறுத்துத் தெளிவின் ஆழம் கூடியதால் பிழை பெருமளவு மறைந்துபோனதும் இந்தக் கணக்கோடு பொருந்துகின்றன.

கணிப்பை அப்படியே நம்பிவிடாமல் சோதித்துப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். மொட்டை மாடியிலிருந்து உங்கள் ஊர்க் கலங்கரை விளக்கம் தெரியுமானால் அதையே குறியாக வையுங்கள். இல்லையேல் தொலைவில் உள்ள ஒரு செல்போன் கோபுரம் போதும். உருப்பெருக்கிக் கண்ணாடியை மடக்கிலிருந்து எழுப்பி, திரையில் கலங்கரை விளக்கம் மிகக் கூர்மையாகும் வரை போகஸ் குமிழைத் திருப்பிவிட்டு, குமிழில் உள்ள தூர எண்ணைப் படியுங்கள். முடிவிலிக் குறியில் நின்றால் திரை சரி. முடிவிலி வரை திருப்பியும் அது முழுக் கூர்மைக்கு வராமல், ஏறத்தாழ ஆறரை மீட்டர், அல்லது இருபத்தொரு அடி தூரத்தில் உள்ள பொருளே கூர்மையாகத் தெரிந்தால் திரை தலைகீழாக இருக்கிறது. 1 மி.மீ. பிசகு காட்டும் தூரம் அதுதான்.

அடுத்ததாகக் கீழ் லென்ஸையும் பார்த்துவிட வேண்டும். பிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, படக்கட்டத்தின் இருபுறமும் ஓடும் மெல்லிய உலோக விளிம்புகளின்மேல், ஒரு பக்கம் மங்கலான ஒட்டுநாடா ஒட்டிய சிறு கண்ணாடித் துண்டை, ஒட்டுநாடாப் பக்கம் லென்ஸை நோக்கி இருக்கும்படி வைத்துப் பிடியுங்கள். துளையை எஃப் 3.5-க்குத் திறந்து, வேகத்தைப் பி-யில் வைத்து, ஷட்டரை ஏற்றி, பூட்டக்கூடிய கேபிள் ரிலீஸால் (ஷட்டரை அழுத்த மாட்டும் கம்பி விசை) திறந்தபடி நிறுத்துங்கள். தலையையும் கேமராவையும் ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொண்டால் ஒட்டுநாடாவில் கலங்கரை விளக்கம் தலைகீழாகத் தெரியும். குமிழ் முடிவிலியில் இருக்கும்போது அது கூர்மையாக இருந்தால் படமெடுக்கும் லென்ஸ் தன் இடத்தில் சரியாக இருக்கிறது. பிழை முழுவதும் பார்வைத் திரையில்தான். ஒருவேளை இங்கேயும் கூர்மை இல்லையென்றால், முன்பு எப்போதோ லென்ஸைப் பிரித்தவர் முன் கண்ணாடித் தொகுதியை முழுவதும் திருகி உட்காரவைக்காமல் விட்டிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

திரையைத் திருப்பி மாட்டும்போது சில எச்சரிக்கைகள். எந்தப் பக்கம் சொரசொரப்பு என்பதை ஒரு மூலையில் நகத்தால் மெல்ல வருடினாலே அறிந்துகொள்ளலாம். நடுவில் தொட வேண்டாம். திரையில் வட்டவட்டமான நுண்வரிகள் கொண்ட பிளாஸ்டிக் தகடும் இருந்தால், அதன்மேல் ஸ்பிரிட்டோ தின்னரோ படவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் போதும். திரையை எடுத்தவுடன் கீழே தெரியும் சாய்ந்த கண்ணாடியை எக்காரணம் கொண்டும் துணியால் துடைக்காதீர்கள். வீட்டு முகக்கண்ணாடியில் பூச்சு பின்புறம் இருக்கும். இதில் வெள்ளிப்பூச்சு முன்புறமே, காப்பு எதுவும் இல்லாமல் இருக்கிறது. ஒரே துடைப்பில் அது வழித்துக்கொண்டு வந்துவிடும். ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதிவிடுவது மட்டுமே போதும். ஏற்கெனவே மங்கியிருந்தாலும் அது படத்தைப் பாதிக்காது. பார்ப்பதற்கு மட்டும் சற்று இருட்டாக இருக்கும்.

ஷட்டருக்கு வருகிறேன். பி-யில் ஒழுங்காக மூடுகிறது என்று நீங்கள் குறித்திருப்பது எனக்கு மிகவும் உதவிய செய்தி. ஷட்டரின் இதழ்களில் எண்ணெய் படிந்து ஒட்டியிருந்தால் பி-யிலும் அவை தயங்கியிருக்கும். மெதுவான வேகங்களில் மட்டும் நிற்கிறது என்றால், இதழ்கள் நன்றாக இருக்கின்றன; தாமதத்தை உண்டாக்கும் பற்சக்கரத் தொகுதிதான் நின்றுவிடுகிறது. ஒரு நொடியில் வைத்து அழுத்தும்போது உள்ளே கிர்ரென்று ஓர் ஓசை தொடர்ந்து வர வேண்டும். அது அந்தச் சிறு சக்கரங்கள் ஓடும் ஓசை. தொழிற்சாலையில் இட்ட கிரீஸ் பல பத்தாண்டுகளில் பிசினாக இறுகி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஓசை தொடங்கிப் பாதியில் நின்றால் இதுவே காரணம் என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம். உதிரிபாகம் எதுவும் தேவைப்படாது. மெக்கானிக் முன் கண்ணாடித் தொகுதியையும் ஷட்டரின் முகப்புத் தகட்டையும் எடுத்து, அந்தத் தொகுதியைக் கரைப்பானில் அலசி, உலர்த்தி, அச்சுமுனைகளில் ஊசிமுனையளவு கடிகார எண்ணெய் தொட்டுவைப்பார், அவ்வளவே வேலை.

சித்தப்பாவின் யோசனையை நான் இவ்வளவு கண்டிப்பாக மறுப்பதற்குக் காரணம் உண்டு. தையல் மிஷினில் எண்ணெய் வழிந்தாலும் கேடில்லை. இங்கே வழிந்த எண்ணெய் மெல்லிய இதழ்களுக்கு இடையில் புகுந்து, ஈரக் காகிதங்கள் ஒட்டிக்கொள்வதுபோல அவற்றை ஒட்டவைத்துவிடும். அன்று ஷட்டர் ஓடும். ஒரு மாதத்தில் இப்போது நன்றாக இருக்கும் வேகங்களும் சேர்ந்து நின்றுபோகும். எண்ணெயின் ஆவி லென்ஸின் உட்பரப்பில் படலமாகப் படியும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேக்களுக்கும் இதே விலக்கு. சித்தப்பாவிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்; கேமரா ஓட வேண்டும் என்ற அக்கறையில்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கு முன்பும், திரும்ப வாங்கிய பின்பும் வேகங்களை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளலாம். இன்றைய பல செல்போன்களில் நொடிக்கு 240 காட்சிகள் பதிவாகும் மெதுவேக வீடியோ வசதி இருக்கிறது. பின்கதவைத் திறந்து, லென்ஸை வெளிச்சமான சன்னலை நோக்கி வைத்து, பின்புறமிருந்து வீடியோ எடுத்து, ஷட்டர் திறந்திருந்த காட்சிகளை எண்ணுங்கள். ஒரு நொடிக்கு 240, 1/30-க்கு 8, 1/60-க்கு 4 என்று வர வேண்டும். 1/125-க்கு மேல் இந்த முறை நம்பத்தக்கதன்று. எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும். இந்த வயதுள்ள ஷட்டரில் 1/500 என்பது உண்மையில் 1/300 அளவில் ஓடுவது சாதாரணம். அதைச் சீர்செய்கிறேன் என்று யாராவது ஸ்பிரிங்கை முறுக்க முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படத்தின்மேல் படம் விழுந்ததும், ஒரு கட்டம் வெறுமையாக வந்ததும் கோளாறே இல்லை. யாஷிகா-டி-யில் பிலிமை நகர்த்துவது ஒரு வேலை, லென்ஸ் அருகிலுள்ள நெம்பை அழுத்தி ஷட்டரை ஏற்றுவது தனி வேலை. இரண்டையும் இணைக்கும் பூட்டு எதுவும் கிடையாது. பிலிமை நகர்த்தாமல் ஷட்டரை ஏற்றினால் இரட்டைப் படம். எடுக்காமலே இருமுறை நகர்த்தினால் வெற்றுக் கட்டம். ஆகவே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: படம் எடுத்த கையோடு நடுப் பித்தானை அழுத்திவிட்டு, குமிழ் தானாக நிற்கும் வரை சுற்றிவிடுங்கள், ஷட்டரை மட்டும் அடுத்த படத்துக்குத் தயாராகும்போது ஏற்றுங்கள். குமிழ் நின்ற பிறகு மேலும் பலங்கொண்டு திருப்பாதீர்கள். நின்றது பழுதன்று, அடுத்த கட்டம் வந்துவிட்டது என்பதற்கான தடுப்பு. புது ரோல் போடும்போது பின்தாளில் அச்சிட்ட அம்புக்குறி, கேமராவின் உட்பக்கத்தில் உள்ள குறிக்கு நேராக வந்த பின்பே கதவை மூட வேண்டும். அது தவறினால் பன்னிரண்டு கட்டங்களும் இடம்மாறி, கடைசிப் படம் பாதியில் அறுந்துபோகும்.

எம், எக்ஸ், வி என்ற எழுத்துகளுக்கு நேராக நகரும் சிறு நெம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். எம் என்பது அந்தக் காலத்து ஃப்ளாஷ் பல்புக்கு உரியது. பல்பு முழுப் பிரகாசத்தை எட்ட நேரம் எடுத்ததால், ஷட்டர் திறப்பதற்குச் சற்று முன்பாகவே அதற்கு மின்சாரம் போகும்படி அமைத்தார்கள். இன்றைய எலக்ட்ரானிக் ஃப்ளாஷை எம்-இல் வைத்து அடித்தால், ஷட்டர் திறப்பதற்குள் ஒளி அணைந்து போய்ப் படம் வெறுமையாகிவிடும். எப்போதும் எக்ஸ்-லேயே வையுங்கள். வி என்பது தானியங்கித் தாமதம். அதற்கான சக்கரங்களும் அதே பழைய கிரீஸில்தான் கிடக்கின்றன. அதை இயக்கினால் பாதியில் நின்று ஷட்டர் முழுவதும் பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. சர்வீஸ் முடியும் வரை தொடவே வேண்டாம், முடிந்த பிறகும் தேவையில்லாமல் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. அதேபோல் 1/500 வேகம் வேண்டுமானால் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே சக்கரத்தை அந்த எண்ணில் வைத்துவிடுங்கள்.

வெள்ளைக் கோட்டுக்கான விடை பிரிண்டில் இல்லை, நெகட்டிவில் இருக்கிறது. பிரிண்டில் வெள்ளையாகத் தெரிவது நெகட்டிவில் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு, படக்கட்டத்தைத் தாண்டி, எண்கள் அச்சான பிலிமின் விளிம்பு வரை ஓடுகிறதா, கட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். கட்டத்துக்குள்ளேயே நின்றால் ஒளி லென்ஸ் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. விளிம்பு வரை ஓடினால் பின்கதவு வழியாகவோ, ரோலை வெளியே எடுத்தபோதோ நுழைந்திருக்கிறது. இரண்டு படங்களில் மட்டும், அதுவும் ஓரத்தில் வந்திருப்பதால், பின்னதையே நான் அதிகம் சந்தேகிக்கிறேன். 120 ரோலுக்குப் பாதுகாப்பு அதன் பின்தாள் மட்டுமே. முடிந்த ரோல் தளர்ந்திருக்கும்போது வெயிலில் எடுத்தால் பக்கவாட்டில் ஒளி புகுந்துவிடும். நிழலில், உடம்பால் மறைத்துக்கொண்டு எடுத்து, தாளை இறுக்கிச் சுற்றி உடனே ஒட்டிவிடுங்கள். அடுத்த ரோலிலும் அதே இடத்தில் கோடு வந்தால், பின்கதவு பொருந்தும் பள்ளத்தில் உள்ள கறுப்புப் பொருள் நைந்துவிட்டது என்று பொருள். அங்கே கறுப்புக் கம்பளி நூலைப் பதித்து ஒட்டினாலே போதும்.

பூஞ்சை கடற்கரை ஊர்களில் எந்தக் கேமராவையும் விடுவதில்லை. ஷட்டரைப் பி-யில் திறந்துவைத்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து, முன்புறமிருந்து சாய்வாகப் பாருங்கள். ஓரத்தில் சில நூலிழைகள் மட்டும் இருந்தால், ஷட்டர் வேலைக்காக முன் தொகுதியைக் கழற்றும்போதே துடைத்து எடுத்துவிடலாம். கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டிருந்தால் துடைத்த பின்னும் மெல்லிய தடம் நிற்கும். எதிர்வெயிலில் எடுக்கும்போது மட்டும் படம் சற்று வெளிறும், மற்றபடி கண்ணுக்குத் தெரியாது. அதற்காக லென்ஸை மாற்றுவது வீண்செலவு. அதைவிட முக்கியம் இனிமேல் வைக்கும் இடம். தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்ப்பது அந்த உறைதான். உறையை அப்பாவின் நினைவாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல்லின் நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடுங்கள். பூச்சி உருண்டையோ கற்பூரமோ உள்ளே போடக் கூடாது. அவற்றின் ஆவி கண்ணாடியில் படியும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, எல்லா வேகங்களிலும் ஷட்டரை ஓடவிடுவது பூஞ்சைக்கும் நல்லது, கிரீஸுக்கும் நல்லது.

செலவு தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தகும் என்றே சொல்வேன். சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அரிய மாடல் இல்லை இது. விற்பதற்காகப் பழுதுபார்ப்பதாக இருந்தால் நானே தடுத்திருப்பேன். ஆனால் மின்கலமோ மின்சுற்றோ எதுவுமே இல்லாத, முழுவதும் உலோகத்தாலான, சுத்தம் செய்தால் மறுபடி ஓடக்கூடிய கேமரா இது. இதற்கான 120 பிலிம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. கல்யாணக் குழுப்படங்களுக்கும் பாஸ்போர்ட் படங்களுக்கும் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் பல்லாண்டுகள் இத்தகைய கேமராக்களை நம்பியிருந்ததற்குக் காரணமே அந்த 6 செ.மீ. சதுர நெகட்டிவ்தான், 35 மி.மீ. நெகட்டிவைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு பரப்பு, டச்சிங் செய்யவும் வசதி. உங்கள் அப்பாவின் நெகட்டிவ்கள் ஏதேனும் வீட்டில் இருந்தால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இந்த லென்ஸால் என்ன முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று நான் தர முடியாது. லென்ஸை மாற்றச் சொல்பவரிடமும் அதையே காட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, "மெதுவேகத் தொகுதியை அலச வேண்டும், முன் தொகுதியில் பூஞ்சை துடைக்க வேண்டும், வேறெதையும் பிரிக்க வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதியே கொடுங்கள். லென்ஸ் வளையத்தில் உள்ள எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகத்துக்கென்று தனித்தொகை கேட்டால், எந்த பாகம் என்று கேட்டு, பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி சொல்லுங்கள். கேமரா திரும்பி வந்ததும் முடிவிலிச் சோதனையை இருமுனையிலும் மீண்டும் செய்யுங்கள். ஷட்டரைப் பிரித்து மாட்டும்போது முன் தொகுதி முழுவதும் உட்காராமல் போவது உண்டு.

அதன்பின் ஒரு கறுப்பு வெள்ளை ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். தரையில் ஓர் அளவுநாடாவைக் கேமராவிலிருந்து விலகிச் செல்லும்படி விரித்து, 2 மீட்டர் எண்ணில் போகஸ் செய்து, முக்காலியில் வைத்து எஃப் 3.5-இல் ஒரு படம். அதே காட்சி எஃப் 8-இல் ஒரு படம். கலங்கரை விளக்கம் எஃப் 3.5-இல் ஒரு படம். பிறகு ஒரே வெளிச்சத்தில், வேகத்தையும் துளையையும் ஈடுசெய்துகொண்டு 1/30 முதல் 1/500 வரை ஐந்து படங்கள். எந்தக் கட்டத்தில் என்ன வைத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். கழுவிய நெகட்டிவில் அந்த ஐந்து கட்டங்களும் ஒரே அடர்த்தியில் இருந்து, அளவுநாடாவில் 2 மீட்டர் எண் கூர்மையாக விழுந்திருந்தால், மீதமுள்ள நான்கு கட்டங்களில் அம்மாவைக் குத்துவிளக்கின் அருகில் நிற்கவைத்து எஃப் 5.6-இல் எடுங்கள். நாடாவில் வேறு எண் தெளிந்திருந்தால், அந்த எண்ணையும் முடிவிலிச் சோதனையில் குமிழ் காட்டிய எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். திரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் அல்லது இறக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.